நடையே தொண்டாக வாழ்ந்த நாவுக்கரசர்

தைப்பூச நன்னாளில் ஈப்போ கல்லுமலை அருள்மிகு சுப்பிரமணியர் ஆலயத்தை நோக்கிப் பால்குடமும் காவடியும் ஏந்தி நடந்து வரும் மெய்யன்பர்களை ஆண்டுதோறும் கண்டு மகிழ்கிறோம். தமிழகத்தில் நகரத்தார் பெருமக்கள் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பல நாள் நடந்து காவடி கொண்டு செல்கின்றனர். இலங்கையில் யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து புறப்பட்டு, கீழைக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து கதிர்காமம் சேரும் அடியார் கூட்டமும் உண்டு. இவ்வாறு கால்நடையாகச் சென்று இறைவனை வழிபடும் மரபிற்குத் தம் வாழ்வாலேயே இலக்கணம் வகுத்தவர் திருநாவுக்கரசு சுவாமிகள். 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பெருமானின் வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் விரித்துரைத்துள்ளார். அதனை இத்திருவிழாக் காலத்தில் சிந்திப்பது பொருத்தமாகும்.

தமக்கை காத்த தம்பி

திருமுனைப்பாடி நாட்டிலே திருவாமூரில் வேளாளர் குலத்தில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் பிறந்த நம் சுவாமிகளின் பிள்ளைத் திருநாமம் மருள்நீக்கியார். அவருக்கு மூத்தவர் திலகவதியார். அவ்வம்மையாரை மணக்க இருந்த கலிப்பகையார் என்னும் படைத்தலைவர் மணநாளுக்கு முன்னரே போர்க்களத்தில் உயிர் துறந்தார். அதற்குள் பெற்றோரும் மறைந்துவிட்டனர். உயிர்விடத் துணிந்த அம்மையார், திக்கற்று நின்ற தம்பி அழுது வேண்டியதால் அவர் பொருட்டு உயிர் தாங்கினார்.

வளர்ந்த மருள்நீக்கியார் உலகியல் நிலையாமையை உணர்ந்து அறச்சாலைகளும் தண்ணீர்ப் பந்தல்களும் அமைத்தார். பின்னர் மெய்ப்பொருளைத் தேடிச் சமண சமயத்தைச் சார்ந்து, பாடலிபுரத்துப் பள்ளியில் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றார். திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தில் தங்கி, திருக்கோயில் முற்றத்தை அலகிட்டு, மெழுகி, பூக்கொய்து மாலை தொடுத்து, தம்பியை மீட்டருளுமாறு இறைவனை இறைஞ்சி வந்தார்.

இருளில் நடந்த முதல் யாத்திரை

தருமசேனருக்குக் கொடிய சூலை நோய் கண்டது. மருந்தும் மந்திரமும் பயன்படவில்லை. தமக்கையாருக்கு ஆள் அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தாம் வருவதற்கில்லை என்று அம்மையார் சொல்லியனுப்பவே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரவோடு இரவாக அவரே புறப்பட்டார். பாடலிபுரம் என்பது இன்று கடலூர் நகரத்தைச் சேர்ந்த திருப்பாதிரிப்புலியூர். திருவதிகை பண்ணுருட்டிக்கு அருகில் உள்ளது. இடைப்பட்ட தொலைவு இருபது கிலோமீட்டருக்கு மேல். தலைமைப் பதவியையும் பெருமையையும் துறந்து நோயுடன் இருளில் நடந்த அந்த நடையே சுவாமிகளின் முதல் யாத்திரை எனலாம். தமக்கையார் தந்த திருநீற்றை அணிந்து, திருக்கோயில் வாயிலில் நின்று முதற் பதிகம் பாடினார், நோய் நீங்கியது. நாவுக்கரசு என்னும் திருநாமமும் இறைவன் அருளால் அன்று அமைந்தது.

இதனை அறிந்த பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் அடைத்தான், நஞ்சூட்டினான், யானையை ஏவினான், கல்லோடு பிணைத்துக் கடலில் எறியச் செய்தான். அக்கல்லே தெப்பமாக மிதந்து அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் சேர்த்தது என்பது புராணம். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என ஆராய்ச்சியாளர் பலரும் கருதுவர். பின்னர் அவனும் சைவம் சார்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுப்பித்தான்.

கையிலே உழவாரம்

அதன் பின்னர் சுவாமிகளின் வாழ்வு முழுவதும் வழிநடையாகவே அமைந்தது. தில்லை, சீகாழி, திருவாரூர், மறைக்காடு எனத் தலந்தோறும் நடந்தார். சீகாழியில் இளம்பிள்ளையாகிய திருஞானசம்பந்தர் அன்பு மேலிட்டு அவரை அப்பர் என்று அழைத்தார். அன்று முதல் நாமும் அவ்வாறே அழைத்து வருகிறோம்.

அவர் வெறுங்கையுடன் நடக்கவில்லை. கையில் உழவாரப்படை இருந்தது. சென்ற இடமெல்லாம் திருக்கோயில் வீதியில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்கி, அடியவர் காலில் தைக்காதவாறு செய்தார். நாவால் பாடியவை 4, 5, 6ஆம் திருமுறைகளாக நம்மிடம் உள்ளன. கையால் செய்ததோ மண்ணோடு மண்ணாகக் கலந்தது. சுவாமிகள் இரண்டையும் வேறாகக் கருதவில்லை.

அவர் நடந்த வழியிலும் தொண்டர்கள் இருந்தனர். திங்களூரில் அப்பூதியடிகள் என்னும் அந்தணர், தாம் நேரில் கண்டிராத நாவுக்கரசர் பெயரையே தம் பிள்ளைகளுக்கும், தாம் வைத்த தண்ணீர்ப் பந்தலுக்கும் சாலைக்கும் இட்டிருந்தார். திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியாலும் தாகத்தாலும் சுவாமிகள் வாடியபோது, இறைவனே பொதிசோறு தந்து வழித்துணையாக வந்தான். தைப்பூசத்தன்று சாலையோரம் மோரும் தண்ணீரும் வழங்கும் அன்பர்கள் இம்மரபின் வழித்தோன்றல்களே.

மறைக்கப்பட்ட கோயில்

பழையாறை வடதளியில் சிவலிங்கத் திருமேனி பிறரால் மறைக்கப்பட்டிருப்பதைச் சுவாமிகள் அறிந்தார். இருக்கும் கோயிலை வணங்கிவிட்டு அவர் அப்பால் செல்லவில்லை. இறைவனைக் காணாமல் உண்பதில்லை என்று உறுதிபூண்டு அங்கேயே அமர்ந்துவிட்டார். அரசன் கனவில் இறைவன் தோன்றி உணர்த்த, மறைப்பு நீக்கப்பட்டு, மீண்டும் வழிபாடு தொடங்கியது. வழிபாடு நின்றுபோன ஒரு கோயிலுக்காக முதுமையில் பட்டினி கிடந்த பெருமான் அவர்.

அடையாத கயிலை

காளத்தியை வணங்கியபோது கயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. திருப்பருப்பதம் கடந்து, காசியையும் தாண்டித் தனியே நடந்தார். பாதங்கள் தேய்ந்தன; கைகளால் தவழ்ந்தார். கைகளும் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதபோது உருண்டார். முனிவர் வடிவில் வந்த இறைவன் திரும்பிப் போகச் சொல்லியும் அவர் இசையவில்லை. முடிவில் இறைவன் ஆணைப்படி அங்கிருந்த பொய்கையில் மூழ்கியவர், திருவையாற்றுக் குளத்தில் எழுந்தார். ஆணும் பெண்ணுமாக எதிர்வந்த யானை முதலிய உயிர்களிடத்தெல்லாம் சிவனையும் சக்தியையும் கண்டார். திருவையாறே அவருக்குக் கயிலையாயிற்று. ஆடி அமாவாசையன்று அத்தலத்தில் இக்காட்சி இன்றும் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

சுவாமிகள் நடந்து கயிலையை அடையவில்லை என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கால் ஓய்ந்த இடத்தில் அவர் தேடிய காட்சி அவரைத் தேடி வந்தது. பழனிக்கும் கதிர்காமத்திற்கும் செல்ல வசதியற்ற, கல்லுமலைக்குக்கூட நடந்துவர இயலாத நம் முதியவர்களுக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை.

இறுதியில் திருப்புகலூரில் தங்கி உழவாரத் தொண்டு செய்தார். மண்ணைச் செதுக்கும்போது பொன்னும் மணியும் வெளிப்பட்டன. பருக்கைக் கற்களோடு அவற்றையும் வாரிக் குளத்தில் எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தம் 81ஆம் அகவையில் சித்திரைச் சதயத்தன்று இறைவன் திருவடியில் கலந்தார் என்பது மரபு.

நமது கடமை

1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்ட பின்னர் பேராக் மண்ணில் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர் லயங்கள் இருந்த இடத்திலெல்லாம் ஒரு மாரியம்மனையோ முனீஸ்வரரையோ வைத்து வணங்கினர். இன்று பால்மரங்கள் போய்ச் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. மக்கள் பட்டணம் சேர்ந்தனர். அடியேன் பிறந்த தோட்டத்துக் கோயிலும் அவ்வாறு தனித்து நின்றது. பல ஆண்டுகள் கழித்துச் சென்றபோது பலிபீடத்தைப் புதர் மூடியிருந்தது. சிறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்து நடந்த பாதை எதுவென்றே தெரியவில்லை. அன்று கையில் ஒரு கத்திகூட இல்லாமல் போனோமே என்ற வெட்கம் இன்றளவும் மறையவில்லை.

பெரிய ஆலயங்களுக்குக் கூட்டமாக நடந்து செல்வது நன்று. அது குறைவின்றித் தொடரட்டும். அத்துடன், ஆண்டில் ஒரு நாளேனும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, மண்வெட்டியும் துடைப்பமுமாக, தத்தம் பழைய தோட்டத்துக் கோயிலுக்கு நடப்போமாக. தைப்பூசம் முடிந்த மறுநாள் சாலையில் கிடக்கும் குவளைகளைப் பொறுக்குவதும் உழவாரமே. காவடி தூக்கத் தோள் தருவோர் பலர். துடைப்பம் பிடிக்கக் கை தருவோர் பெருக வேண்டும்.

அப்பர் பெருமான் அடிச்சுவட்டில் நடந்து, மெய்யன்பர் அனைவரும் திருவருள் பெற்று நல்வாழ்வு வாழ எல்லாம் வல்ல பரம்பொருளை இறைஞ்சுகிறோம்.