கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் : தங்கிய மண்ணும் தாங்கிய அடையாளமும்

தம் வீட்டு வாசற்படியை விட்டு இறங்காமலே, தமது நாடு எது என்னும் வினாவுக்கு ஒருவர் விடை கூற நேரலாம். 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய முஸ்லிம்களுக்கு அந்நிலை நேர்ந்தது. தென்னகத்தில் அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர், சமுதாய மக்களால் காயிதே மில்லத் என்று அன்புடன் அழைக்கப்பெற்ற முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

அன்னார் 5-6-1896 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார். மார்க்க அறிஞரான தந்தையை இளமையிலேயே இழந்தார். தாயாரின் அரவணைப்பில் வளர்ந்தார். 1920இல் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, கைக்கு எட்டியிருந்த பி.ஏ. தேர்வைத் துறந்து வெளியேறினார். பின்னர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டுச் சென்னையில் வாழ்ந்தார்.

காலப்போக்கில் முஸ்லிம் லீகில் இணைந்து, 1946இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவரானார். பாகிஸ்தான் கேட்ட கட்சி அது. அன்னாரைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். மறைப்பது அன்னாருக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது. அந்தக் கட்சியில் இருந்தவர் என்பதால்தான் பின்னர் அன்னார் எடுத்த முடிவின் கடுமை நமக்கு விளங்குகிறது.

1947 டிசம்பரில் கராச்சியில் கூடிய முஸ்லிம் லீக் பொதுக்குழு, கட்சியை இரண்டாகப் பிரித்தது. பாகிஸ்தான் பகுதிக்கு லியாகத் அலிகானும் இந்தியப் பகுதிக்கு இஸ்மாயில் சாஹிபும் அமைப்பாளர் ஆயினர். வடபுலத்தில் தலைவர் பலர் எல்லை கடந்து சென்றுவிட்டனர். எஞ்சியோருள் பலர் கட்சியைக் கலைத்துவிடுவதே பாதுகாப்பு என்று கருதினர். காந்தியடிகள் படுகொலையுண்டு ஆறு வாரங்களும் ஆகாத நேரம். முஸ்லிம் லீக் என்னும் பெயரே ஐயத்துக்கு உரியதாயிருந்தது. அந்நிலையில் 10-3-1948 அன்று சென்னையில் கூடிய கூட்டத்தில், இந்திய அரசியல் சட்டத்துக்கு உட்பட்ட இயக்கமாக லீக் தொடரும் என முடிவாயிற்று. இந்திய யூனியன் முஸ்லிம் லீக் பிறந்தது இவ்வாறுதான். இந்நாட்டின் குடிமகனாக இருப்பேன், முஸ்லிமாகவும் இருப்பேன், ஒன்றுக்காக மற்றொன்றை ஒளிக்கமாட்டேன் என்பதே அம்முடிவின் பொருள் என்று நான் கொள்கிறேன்.

அரசியல் நிர்ணய சபையிலும் அன்னார் அதே நிலையில் நின்றார். பொதுச் சிவில் சட்டம் பற்றிய பிரிவு 23-11-1948 அன்று விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமுதாயமும் தனக்குரிய தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது எனத் திருத்தம் கொணர்ந்தார். திருத்தம் தோற்றது. தமக்கு மட்டுமின்றி எல்லாச் சமுதாயத்தாருக்கும் சேர்த்தே அதனைக் கேட்டார் என்பதை மாணவர்கள் கருத்தில் கொள்ளல் வேண்டும்.

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தது. முஸ்லிம் உறுப்பினர் உருதுக்காகப் பேசுவார் என்றே அவையினர் எதிர்பார்த்திருக்கக்கூடும். அன்னார் காந்தியடிகள் விரும்பிய இந்துஸ்தானியை ஆதரித்தார். தொன்மைதான் அளவுகோல் எனில், அத்தகுதி திராவிட மொழிகளுக்கு, சிறப்பாகத் தமிழுக்கே உண்டு என்றும் வாதிட்டார். இராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவருக்குத் தமிழ் இரவல் மொழியன்று. தாயிடம் கற்ற மொழி. தேவநாகரி எழுத்திலான இந்தி ஆட்சிமொழி ஆயிற்று; அன்னாரின் வாதம் அவைக்குறிப்பில் நிலைத்தது. தமிழ்த்துறை மலரில் அன்னாரைப் பற்றி எழுத எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். பின்னர் 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி மக்கள் அன்னாரை மக்களவைக்கு அனுப்பினர். மலையாளம் பேசும் மக்கள் ஒரு தமிழரைத் தம்மவராகவே கண்டனர்.

1962இல் சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது, தம் மகனைப் படைக்கு அனுப்ப அன்னார் முன்வந்தார். மேடைதோறும் இச்செய்தி சொல்லப்படுகிறது, கைதட்டலும் எழுகிறது. எனக்கோ ஒரு நெருடல் உண்டு. பெற்ற பிள்ளையைப் பிணை வைத்துத்தான் ஒருவர் தம் குடியுரிமையை மெய்ப்பிக்க வேண்டும் என்பதுபோல் அக்கைதட்டல் ஒலிக்கிறது. அன்னார் அவ்வாறு கருதிச் செய்தாரல்லர்; தம் நாட்டுக்கு இடர் வந்தபோது எந்தத் தந்தையும் செய்யக்கூடியதையே செய்தார். தோற்பது உறுதி என்று தெரிந்தும் அவையில் எழுந்து நின்று திருத்தம் கொணர்ந்த நெஞ்சுரமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

என் பாட்டனார் வீட்டுக் கூடத்தில் அன்னாரின் படம் ஒன்று மாட்டியிருக்கும். நீண்ட அங்கி, தலையில் தொப்பி, வெண்தாடி. நான் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிட்ட அவரை, எங்கள் உறவினருள் ஒருவர் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன்.

5-4-1972 அன்று அன்னார் சென்னையில் காலமானார்; திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். 1991இல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அன்னார் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1997இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் எல்லாம் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. சென்னை அண்ணா சாலையிலுள்ள அரசினர் மகளிர் கல்லூரி இன்றும் அன்னார் பெயராலேயே வழங்கிவருகிறது.