மனே தீட்டிய கண்காட்சி

ஓவியர் எடுவார் மனே 1832ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். 1867இல் அந்நகரில் மாபெரும் உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதில் அவருடைய ஓவியங்கள் இடம்பெறவில்லை. மனே மனம் தளரவில்லை. தாயாரிடம் பணம் பெற்று, தனியாக ஓர் அரங்கம் அமைத்தார். சுமார் 50 ஓவியங்களைப் பார்வைக்கு வைத்தார். பார்த்தவர்களில் பலர் ஏளனம் செய்தனர்.

அதே ஆண்டில், தமக்கு இடமளிக்காத அந்தக் கண்காட்சியையே மனே ஓவியமாகத் தீட்டினார். அதில் கண்காட்சிக் கட்டடங்கள் தொலைவில் தெரிகின்றன. செடிகளுக்கு நீர் பாய்ச்சும் தோட்டக்காரர், குதிரையில் செல்லும் பெண், நாயுடன் நடக்கும் சிறுவன் ஆகியோர் முன்னே இருக்கின்றனர். வானில் ஒரு பலூன் மிதக்கிறது.

மனே 1883இல் மறைந்தார். அன்று ஏளனத்திற்கு ஆளான அவருடைய ஓவியங்களை இன்று உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் பாதுகாக்கின்றன. கண்காட்சி ஓவியம் நார்வேயின் ஓஸ்லோ நகரில் உள்ளது.