கெம்பல் பிரபுவும் உயிரிழப்புக்கான நட்டஈடும்

விபத்தில் குடும்பத் தலைவரை இழந்த மனைவியும் பிள்ளைகளும் நட்டஈடு கோரி வழக்குத் தொடுப்பது இன்று எவருக்கும் புதுமையாகத் தோன்றுவதில்லை. ஆயினும் இங்கிலாந்தின் சட்டத்தில் 1846ஆம் ஆண்டு வரை இவ்வுரிமை இருக்கவில்லை. அதனைப் பெற்றுத் தருவதில் முன்னின்றவர் ஜோன் கெம்பல் பிரபு.

ஸ்கொட்லாந்தின் கூப்பர் நகரில் 1779இல் மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், லண்டன் சென்று மோர்னிங் குரோனிக்கிள் பத்திரிகையின் நிருபராகப் பணியாற்றியவாறே சட்டம் பயின்றார். பத்திரிகைத் துறையிலிருந்து சென்றவர் என்பதில் எமக்குச் சிறு பெருமையும் உண்டு. 1806இல் சட்டத்தரணியான பின்னர், நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிடலானார்.

1808இல் அவ்வாறு அவர் பதிவு செய்த வழக்கொன்று குறிப்பிடத்தக்கது. பயணிகள் குதிரை வண்டி கவிழ்ந்ததில் கணவர் காயமடைந்தார். மனைவி ஏறத்தாழ ஒரு மாதத்தின் பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். மனித உயிரிழப்பைக் குடியியல் வழக்கில் முறையிட முடியாதென்றும், மனைவி உயிருடனிருந்த நாட்கள் வரையிலான இழப்பையே கணவர் கோரலாமென்றும் பிரதம நீதியரசர் எலன்பரோ தீர்ப்பளித்தார். காயப்படுத்தியவர் பணம் செலுத்த வேண்டும். உயிரைப் போக்கியவரோ குடும்பத்துக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை! சில வரிகளில் அடங்கிய அத்தீர்ப்பு நாடெங்கும் சட்டமாக நிலைத்தது.

ரயில் பாதைகள் பெருகியபோது இதன் கொடுமை வெளிப்பட்டது. 1841 டிசம்பர் 24இல் சொனிங் என்னுமிடத்தில் ரயில் தடம்புரண்டு, திறந்த பெட்டிகளில் பயணித்த தொழிலாளர் ஒன்பது பேர் மாண்டனர். உயிரைப் போக்கிய பொருளுக்குத் தண்டம் விதிக்கும் பழைய வழமைப்படி, மரண விசாரணை ஜூரிகள் 1000 பவுண் விதித்தனர். அத்தண்டத்தில் அநாதரவான குடும்பங்களுக்குச் சட்டப்படி எவ்வித உரித்தும் இருக்கவில்லை.

1841இல் பிரபுப் பட்டம் பெற்றிருந்த கெம்பல், 1846இல் மரண விபத்துகள் சட்டத்தை நிறைவேற்றுவித்தார். தாம் இளமையில் பதிவு செய்த தீர்ப்பின் கடுமையை, 38 ஆண்டுகளின் பின்னர் தாமே தணித்தார். அந்தப் பழைய தண்டமும் அதே ஆண்டில் ஒழிக்கப்பட்டது.

எனினும் அச்சட்டம் குறைகளற்றதன்று. வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கே உரிமை கிடைத்தது; சகோதரர்களுக்கு இல்லை. பண இழப்புக்கன்றி மனத்துயருக்கு நட்டஈடில்லை என 1852இல் தீர்ப்பு வந்தபோது, அந்நீதிமன்றின் பிரதம நீதியரசராக வீற்றிருந்தவரும் கெம்பலே. துயருக்கென ஒரு தொகை அங்கு சட்டமாவதற்கு 1982 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1859இல் பிரபு சான்சலர் பதவியை அடைந்த அவர், 1861இல் அப்பதவியிலிருக்கும்போதே காலமானார். அவரது சட்டத்தைப் பின்பற்றி இந்தியாவில் 1855இல் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையிலோ, தங்கி வாழ்வோரின் இவ்வுரிமையை உரோமன் டச்சுச் சட்டம் ஏற்கனவே ஏற்றிருந்தது.