பரணில் கிடந்த போர்வை

எங்கள் திண்டுக்கல் பக்கம் நைந்துபோன சின்னாளபட்டிச் சேலைக்கா பஞ்சம்? அவற்றையும் டெய்லர் கடையில் மிஞ்சிய துண்டுத் துணிகளையும் சதுரமாக வெட்டி இணைத்தேன். போர்வையாக்குவதற்குள் அலுத்துப்போய்ப் பரணில் போட்டுவிட்டேன். அதை மறுபடி இறக்க வைத்தவர் சரோஜ் நளினி தத் அம்மையார்.

1887-ல் வங்காளத்தில் பிறந்தவர். கணவர் குருசதய் தத், ஐ.சி.எஸ். அதிகாரி. பெரிய அதிகாரி வீட்டம்மா என்று சும்மா உட்காராமல், கணவருக்கு மாற்றலான ஊர்களிலெல்லாம் பெண்களைக் கூட்டி மகளிர் சங்கம் வைத்தார். முதல் சங்கம் 1913-ல், இப்போது வங்கதேசத்தில் உள்ள பாப்னாவில். வாசல்படி தாண்டாத பெண்களுக்குப் படிப்பு, சுகாதாரம், தையல் என்று சொல்லிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். வேலை பாதியில் இருக்க, 1925-ல் தமது 37-வது வயதில் காலமானார்.

கணவர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. அதே வருஷம் மனைவி பெயரில் ஒரு அமைப்பைத் தொடங்கிச் சங்கங்களைப் பரப்பினார். கிராமத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையில் உருவிய நூலாலேயே தைத்த 'காந்தா' போர்வைகளையும் தேடித்தேடிச் சேர்த்தார். கந்தல் என்று ஒதுக்கப்பட்டவை பின்னாளில் கொல்கத்தா அருகே அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்கே போய்ச் சேர்ந்தன.

மனைவி விட்டுப்போன வேலையை அந்த மனுஷர் எடுத்துச் செய்தார். நான் விட்டதை நானே முடிக்காவிட்டால் எப்படி? அடியில் ஒரு பழைய சேலையை வைத்து, ஓட்டுத் தையல் போட்டு ஒரே மாதத்தில் முடித்துவிட்டேன். தோழிகளே, உங்கள் வீட்டுப் பரணையும் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.