பட்டமா? படமா?

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. வரலாறு)

கற்ற கலை கைவிடாது என்பார்கள். ஆனால் எந்தக் கலையைக் கல்லூரியில் கற்பது, எந்தக் கலையைக் கையால் பழகிக் கற்பது என்று கேட்டால், துணிந்து விடை சொல்வார் இல்லை. இந்த ஆண்டு முழுவதும் என் உறக்கத்தைக் கெடுத்த கேள்வி அதுவே.

பி.ஏ. முடித்ததும் புகைப்படக் கலையில் பட்டம் பெற வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கும் போலிருந்தது. கட்டணத்தைக் கேட்டதும் அப்பா தறியை நிறுத்திவிட்டார். கைப்பேசி வைத்திருப்பவரெல்லாம் படம் எடுக்கும் காலத்தில் அதற்கொரு பட்டமா என்றார். அம்மாவோ ஒன்றும் பேசாமல் தம் கைவளையல் இரண்டையும் கழற்றி என் முன் வைத்துவிட்டார். அப்பாவின் கேள்வியைக் காட்டிலும் அந்த வளையல்களே என்னைச் சிந்திக்க வைத்தன.

இந்நிலையில் ஒருநாள் எங்கள் பேராசிரியர் மத்திய இந்தியக் கட்டடக் கலையைப் பற்றிப் பாடம் நடத்தும்போது பழைய படங்கள் சிலவற்றைக் காட்டினார். ஒவ்வொரு கல்லையும் எண்ணிவிடலாம் போன்ற தெளிவு! எடுத்தவர் யார் என்று கேட்டேன். ராஜா தீன் தயாள் என்றார். அன்று மாலையே நூலகத்தில் அவர் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

தீன் தயாள் 1844-ஆம் ஆண்டு, மீரட் நகருக்கு அருகிலுள்ள சர்தானாவில் ஒரு சமணக் குடும்பத்தில் பிறந்தார். ரூர்க்கியிலிருந்த தாம்சன் பொறியியல் கல்லூரியில் பயின்று 1866-இல் தேறினார். இந்தூரில் பொதுப்பணித் துறையில் மதிப்பீட்டாளராகவும் வரைவாளராகவும் பணியில் அமர்ந்தார். கட்டடத்தை அளப்பதும், வரைவதும், செலவைக் கணக்கிடுவதும் அவர் வேலை. ஆம், அவர் கற்றது பொறியியல். புகைப்படக் கலை அன்று!

1874-இல், ஏறத்தாழ முப்பது வயதில், அவர் காமிராவைக் கையில் எடுத்தார். அக்காலத்தில் அது எளிய பொழுதுபோக்கு அல்ல. கண்ணாடித் தகட்டில் இரசாயனக் கலவையைப் பூசி, ஈரம் காயுமுன் படம் எடுத்து, உடனே கழுவியாக வேண்டும். வெளியூர் சென்றால் இருட்டறைக்கென ஒரு கூடாரத்தையும் சுமந்து செல்ல வேண்டும். அலுவலகப் பணியோடு இதையும் அவர் பழகினார். இந்தூர் மன்னர் இரண்டாம் துக்கோஜிராவ் ஹோல்கரும், ஆங்கில அதிகாரி சர் ஹென்றி டேலியும் அவருக்கு ஊக்கம் அளித்தனர். 1875-76-இல் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது அந்தப் பயணத்தைப் படமெடுக்கும் வாய்ப்பும் கிட்டியது.

1882-இல் சர் லெப்பல் கிரிஃபின் என்னும் அதிகாரியுடன் பந்தேல்கண்டு பகுதியில் சுற்றுப்பயணம் செய்து, கோட்டைகளையும் கோயில்களையும் படமெடுத்தார். அப்படங்கள் 1886-இல் நூலாக வெளிவந்தன. அளந்து பழகிய கண்ணும் வரைந்து பழகிய கையும் அப்படங்களில் தெரிகின்றன என்றால் மிகையாகாது. தூண் சாயவில்லை, கோபுரம் குறுகவில்லை. பொறியியற் கல்லூரி தந்த பயிற்சி காமிராவுக்குப் பின்னாலும் துணை நின்றது.

காமிராவைத் தொட்டுப் பத்தாண்டுகள் கடந்த பின்னரே, 1880-களின் நடுவில், அவர் அரசுப் பணியை விட்டு முழுநேரக் கலைஞரானார். 1885-இல் ஐதராபாத் நிஜாம் மகபூப் அலிகான் அவரைத் தம் அரசவைப் புகைப்படக் கலைஞராக்கினார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ எழுந்தது. கோஷாப் பெண்கள் அந்நிய ஆடவர் முன் வரமாட்டார்கள் என்பதால், 1892-இல் அவர்களுக்கெனத் தனி ஸ்டூடியோ அமைத்து, அதை ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். 1894-இல் நிஜாம் அவருக்கு ராஜா என்னும் விருதை வழங்கினார். பம்பாயிலும் கிளை திறந்தார். விக்டோரியா அரசியாரின் அங்கீகாரமும் வந்தது. 1905-இல் அவர் பம்பாயில் மறைந்தார். அவருடைய கண்ணாடி நெகடிவ்கள் 2,857 இன்று புதுதில்லியில் இந்திராகாந்தி தேசியக் கலை மையத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன.

இவ்வளவும் படித்தபின், அப்பா வென்றார் என்றே முதலில் எண்ணினேன். புகைப்படப் பட்டம் இல்லாமலே ஒருவர் இத்தனை உயர்ந்தாரே! மீண்டும் படித்தபோது வேறொன்று புரிந்தது. தீன் தயாளுக்குப் பட்டம் இல்லையே தவிர, பயிற்சி இல்லாமல் இல்லை. கலை கைவரும் வரை சோறு போட மாதச் சம்பளம் இருந்தது. கதவைத் திறந்துவிடப் பெரிய மனிதர்கள் இருந்தனர். இன்று ஒரு நல்ல கல்லூரி தரக்கூடியவையும் இவையே: கண்ணுக்குப் பயிற்சி, பழகக் காலம், தொழிலில் அறிமுகம். அங்கே ஆசிரியப் பணிக்குச் செல்ல விரும்புவோர்க்குச் சான்றிதழும் வேண்டும். ஆகவே உதவித்தொகை கிடைக்கும் நண்பர்கள் தயங்காமல் சேரலாம். அவர்களுக்கு அது வீண் செலவு ஆகாது.

என் நிலை வேறு. சம்பளம் இருந்ததால்தான் தீன் தயாளால் பத்தாண்டுகள் பொறுக்க முடிந்தது. கடனுக்கு வட்டி கட்டுகிறவனால் பொறுக்க முடியாது. கிடைத்த வேலையைப் பற்றிக்கொள்வான். எனவே ஒரு முடிவுக்கு வந்தேன். தேர்வு முடிந்ததும் எங்கள் ஊர் ஸ்டூடியோவில் உதவியாளனாகச் சேர்கிறேன். அரசுத் தேர்வுகளுக்கும் படிப்பேன். ஞாயிறுதோறும் நம் வட்டாரத்துப் பழைய கோயில்களையும் கல்வெட்டுகளையும் படமெடுப்பேன். நான் கற்ற வரலாறு அங்கே எனக்குக் கைகொடுக்கும். இரண்டாண்டுகள் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால், என் சொந்தச் சேமிப்பில் அந்தப் பட்டத்தைப் படிப்பேன்.

இதை வீட்டில் சொன்னபோது அப்பா மீண்டும் தறியில் அமர்ந்தார். அம்மா வளையல்களை எடுத்து அணிந்துகொண்டார். அந்தக் கைகளைத்தான் நான் முதலில் படமெடுத்தேன்.