கல்வெட்டு கேட்காத வள்ளல் ஜூலியஸ் ரோசன்வால்ட்



ஆண்டு மலருக்கு ஒரு சாதனையாளரைப் பற்றி எழுதச் சொன்னதும் நம்ம ஆளுங்க வழக்கம்போல எடிசன், ஃபோர்டு என்று கிளம்பிவிட்டார்கள். நான் தேர்ந்தெடுத்தது ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மகனை. அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 4,900-க்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் எழும்பக் காரணமானவர். சிவில் படிக்கிற எனக்கு இதைவிட வேறு என்னங்க வேண்டும்?

ஜூலியஸ் ரோசன்வால்ட் 1862-ல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். பதினாறு, பதினேழு வயதில் படிப்பை விட்டுவிட்டு, துணி வியாபாரம் கற்றுக்கொள்ள நியூயார்க்கில் இருந்த மாமன்மாரிடம் போனார். பிறகு சிகாகோவில் ஆண்களுக்கான ஆயத்த ஆடைகள் தயாரித்தார். அவரிடம் சரக்கு வாங்கியவர்களில் ஒருவர் ரிச்சர்டு சியர்ஸ். தபால் மூலம் ஆர்டர் எடுத்துப் பொருள் அனுப்பும் வியாபாரம் அவருடையது. 1895-ல் ரோசன்வால்டும் அவருடைய மைத்துனரும் சேர்ந்து 75,000 டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியில் பாதியை வாங்கினார்கள்.

சியர்ஸ் விளம்பரத்தில் புலி. ஆனால் வந்து குவியும் ஆர்டருக்குச் சரக்கு போய்ச் சேராமல் குளறுபடி! ரோசன்வால்ட் அதை ஒழுங்குபடுத்தினார். 1906-ல் சிகாகோவில் கட்டிய பெரிய வளாகத்தில் கன்வேயர் பெல்ட் ஓடியது. ஒவ்வொரு ஆர்டருக்கும் நேரம் குறித்து, அந்த நேரத்துக்குள் சரக்கு வந்து சேர வேண்டும் என்று ஏற்பாடு. சந்தேகத்துக்குரிய மருந்துகள் விலைப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 1908-ல் அவரே தலைவரானார். 1921-ல் கம்பெனி தள்ளாடியபோது, தன் சொந்தச் சொத்திலிருந்து சுமார் 2 கோடி டாலர் மதிப்புக்குக் கைகொடுத்து அதைக் காப்பாற்றினார்.

பணக்காரர் கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

சிகாகோவின் சினாய் யூத வழிபாட்டுச் சபையில் எமில் ஹிர்ஷ் என்ற குரு இருந்தார். கொடுப்பது இரக்கம் அல்ல, அது நீதி, சொத்து வைத்திருப்பவனின் கடமை என்பது அவர் போதனை. யூத மரபில் தானத்துக்கு உள்ள செடாகா என்ற சொல்லே நீதி என்ற வேரிலிருந்து வந்ததுதான். அது ரோசன்வால்டின் மனசில் ஆழமாகப் பதிந்தது. சிகாகோ யூத அறநிலையங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கினார். முதல் உலகப் போரில் தவித்த ஐரோப்பிய யூதர்களுக்கு 1917-ல் ஒரு கோடி டாலர் திரட்ட முயன்றபோது, பத்தில் ஒரு பங்கை, அதாவது 10 லட்சம் டாலரைத் தானே தருவதாக முன்வந்தார்.

தன் இனத்தோடு அவர் நின்றுவிடவில்லை. கறுப்பின மக்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் கட்ட எந்த நகரம் 75,000 டாலர் திரட்டுகிறதோ, அதற்கு 25,000 டாலர் தருகிறேன் என்று அறிவித்தார். இருபதுக்கும் மேற்பட்ட நகரங்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டன. ஒரு யூதர், கிறிஸ்தவச் சங்கத்துக்கு, கறுப்பின மக்களுக்காகக் கொடுக்கிறார். யோசித்துப் பாருங்கள்!

1911-ல் அலபாமாவின் டஸ்கீகி தொழிற்கல்விக் கூடத்தை நடத்திய புக்கர் டி. வாஷிங்டனைச் சந்தித்தார். வாஷிங்டன் அடிமையாகப் பிறந்து கல்வியாளராக உயர்ந்தவர். 1912-ல் தன் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ரோசன்வால்ட் வாரி வழங்கிய நன்கொடைகளில் டஸ்கீகிக்கு 25,000 டாலர் போனது. அதில் மிஞ்சிய கொஞ்சப் பணத்தில் கிராமத்துக் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளி கட்டலாமா என்று வாஷிங்டன் கேட்டார். இவர் சரி என்றார். 1914-க்குள் ஆறு சின்னப் பள்ளிகள் எழுந்தன. அந்த ஆறுதான் விதை. 1917-ல் ரோசன்வால்ட் நிதியம் பிறந்தது. 1932-க்குள் 15 மாநிலங்களில் பள்ளிகள், ஆசிரியர் வீடுகள், தொழிற்கூடங்கள் எல்லாம் சேர்த்து 5,357 கட்டடங்கள்!

இனி நம்ம டிராயிங் ஹால் விஷயத்துக்கு வருவோம். ஆரம்பகால பிளான்கள் டஸ்கீகியில் தயாரானவை. அங்கே கட்டடக்கலைக்குப் பொறுப்பாக இருந்தவர் ராபர்ட் டெய்லர். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் அவர். அந்தக் கிராமங்களில் மின்சாரம் கிடையாது. அதனால் வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். வெளிச்சம் கிழக்கு, மேற்கிலிருந்து வரும்படி கட்டடத்தைத் திருப்பி வைத்தார்கள். வலது கையால் எழுதும் பிள்ளையின் நோட்டில் கை நிழல் விழாதபடி, வெளிச்சம் இடது பக்கமிருந்து வரும்படி இருக்கைகளைப் போட்டார்கள். உள்சுவருக்கு வெளிர் நிறம். ஈரம் ஏறாமல் தரையைத் தூக்கி நிறுத்தச் சிறு தூண்கள். இரண்டு வகுப்பறைக்கு நடுவே நகர்த்தும் தடுப்பு. மாலையில் அதை நகர்த்தினால் ஊர்க்கூட்டத்துக்கு ஹால் ரெடி. பைசா வீணாகாத டிசைன்!

பணம் எப்படி வந்தது தெரியுமா? நிதியம் ஒரு பங்குதான் தரும். மீதியை ஊர் மக்களும் அரசும் போட வேண்டும். கையில் காசில்லாதவர்கள் நிலம் கொடுத்தார்கள், மரம் வெட்டிக் கொடுத்தார்கள், உடலுழைப்பைக் கொடுத்தார்கள். பள்ளிக்கென்று தனியாகப் பருத்தி பயிரிட்டு விற்றுக் கொடுத்தார்கள். மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். பெரும்பகுதி வரிப்பணம். அதில் ரோசன்வால்டின் பங்கு சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் போட்டது சுமார் 47 லட்சம். ஆமாம் நண்பர்களே, கோடீஸ்வரர் கொடுத்ததைவிடக் குத்தகை விவசாயிகள் கொடுத்தது அதிகம்!

இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காரணம் சொல்லிவிடுகிறேன். நானும் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் படிக்கிறவன்தான். அப்பா கொத்தனார். ஒவ்வொரு வருஷமும் மேடையேறிக் காசோலை வாங்கும்போது தலை தானாகக் குனியும். இப்போது தோன்றுகிறது, அப்பாவின் வியர்வையும் அம்மாவின் சீட்டுப் பணமும் அந்தக் காசோலைக்குப் பக்கத்திலேயே நிற்கின்றன. வாங்குகிறவனுக்கும் பங்கு உண்டு.

குறை இல்லையா? உண்டு. அந்த மக்கள் ஏற்கெனவே வரி கட்டியவர்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் செலவழித்த மாநிலங்கள் இவர்களுக்குக் கிள்ளிக் கொடுத்தன. ஆகவே இவர்கள் இரண்டாவது தடவையும் கொடுக்க வேண்டியதாயிற்று. நிறவாரியாகப் பிரித்துவைக்கும் சட்டத்தை அந்தப் பள்ளிகள் உடைக்கவும் இல்லை. அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-ல். அதன்பின் இந்தப் பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. ஆனால் அதற்குள் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே படித்து முடித்திருந்தார்கள். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ, பிற்காலத்தில் காங்கிரஸ் உறுப்பினரான ஜான் லூயிஸ் இருவரும் அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர்களே. அநீதியான காலத்தில் நீதி வரும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாதே!

அசலைப் பூட்டிவைத்து வட்டியில் என்றைக்கும் நடக்கும் அறக்கட்டளைகள் அவருக்குப் பிடிக்காது. அடுத்த தலைமுறையின் தேவையை அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். தான் இறந்து 25 ஆண்டுகளுக்குள் அசலையும் செலவழித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். 1932 ஜனவரி 6-ல் காலமானார். நிதியம் 1948-லேயே கணக்கை முடித்துக்கொண்டது. சிகாகோ அறிவியல் தொழில் அருங்காட்சியகத்துக்கு 1926-ல் 30 லட்சம் டாலர் தருவதாக உறுதியளித்தவர், அதற்குத் தன் பெயர் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். பள்ளிகளை ரோசன்வால்ட் பள்ளிகள் என்று அழைத்தது மக்கள்தான்.

நண்பர்களே! டிப்ளமோ முடித்து நாளை நாமும் சைட்டில் நிற்போம். எங்கோ ஒரு கிராமத்துப் பள்ளியின் பிளான் நம் கைக்கு வரும். அப்போது ஜன்னல் அளவைக் குறைத்து எஸ்டிமேட்டை மிச்சம் பிடிக்கும் முன், அந்தப் பிள்ளையின் நோட்டில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று ஒரு நிமிஷம் பாருங்கள். நாம் போடும் பங்கு அதுவாக இருக்கட்டும்.