இளைப்பாறுதல் கண்ட ஐடா அம்மையார்

நம் காலனியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், தீராப் பிணி நேர்ந்தகாலை குப்பத்திலோ குடுபல்லியிலோ இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் மருத்துவமனையின் வாயிலில் காத்து நின்றோர் பலர். அம்மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் பெயரும் நமக்குப் புதிதன்று. ஆயினும், அவர் எவ்வளவு களைத்தார் என்பதையும், அக்களைப்பினிடையே எங்கே இளைப்பாறினார் என்பதையும் நம்மவர் அதிகம் பேசுவதில்லை. அதனைக் கூறவே இம்மலரில் முற்பட்டோம்.

அம்மையார் நமக்கு அயலாரும் அல்லர். 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்படும் வரை, சித்தூரும் பலமநேரும், கங்குந்தி ஜமீனைச் சேர்ந்த குப்பமும் வட ஆர்க்காடு மாவட்டத்துள் அடங்கியிருந்தன. அதே மாவட்டத்து இராணிப்பேட்டையில் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் ஐடா பிறந்தார். பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கடர் அமெரிக்காவிலிருந்து முதன்முதலாக வெளிநாடு சென்ற மருத்துவ ஊழியர். யாழ்ப்பாணத்தில் தொண்டு தொடங்கிப் பின் சென்னை வந்தவர். அவர்தம் மைந்தர்கள் 1853-இல் நிறுவியதே ஆர்க்காட்டு மிஷன். அக்குடும்பத்தில் பிறந்தவர்க்கு ஊழியமே குலத்தொழில் என்னலாம்.

ஆனால் சிறுமி ஐடாவுக்கு அக்குலத்தொழில் வேண்டியிருக்கவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பசியால் துவண்ட குழந்தைகளுக்கு உணவு வழங்கும் வேலை அவருடைய பிஞ்சுக் கரங்களுக்கு வாய்த்தது. பின்னர்க் குடும்பம் அமெரிக்கா சென்றது. தந்தை முன்னதாகவும், தாய் பின்னதாகவும் இந்தியாவுக்குத் திரும்பினர். மகளோ உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். பஞ்சத்தின் நினைவும் பிரிவின் துயரும் சேர்ந்து, ஊழிய வாழ்வின் மீது அவருக்கு அச்சத்தையே விளைத்தன. நார்த்ஃபீல்டு பள்ளியில் பயின்ற நாளில், தம் குலத்தார் சென்ற வழியில் தாம் செல்வதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். வசதியும் கலகலப்பும் நிறைந்த வாழ்வே நிம்மதி என்பது அவ்விளம் பெண்ணின் எண்ணம். அதில் குறைகாண நமக்கு மனமில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வயதில் அவ்வாறுதானே எண்ணுகின்றனர்!

தாயின் உடல்நலம் குன்றியதால், 1890-இல் சிறிது காலத்திற்கென்றே திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் நடந்தது பலரும் அறிந்த வரலாறு. அந்தணர் ஒருவரும், முஸ்லிம் ஒருவரும், முதலியார் ஒருவரும் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடும் தம் மனைவியைக் காக்குமாறு ஐடாவை வேண்டினர். மருத்துவரான தந்தை உடன்வர இசைந்தும், ஆடவர் தம் மனைவியைத் தொடுவதற்கு அவர்கள் ஒருப்படவில்லை. ஐடாவோ மருத்துவம் கல்லாதவர். அவ்விரவு முழுதும் உறக்கமின்றிப் பிரார்த்தனையில் கழிந்தது. விடியலில் சாவுப் பறை ஒலித்தது. மூன்று பெண்களும் மாண்டனர் என்ற செய்தி வந்தது. அன்றே, தாம் மருத்துவம் பயின்று திரும்புவதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

இவ்வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் இத்துடன் முடித்து விடுவர். ஓரிரவின் உணர்ச்சி ஒரு வாழ்நாளுக்குப் போதாது என்பதே எம் கருத்து. இயேசுபிரான் உழைத்துச் சோர்ந்தோரைத் தம்மிடம் அழைத்து இளைப்பாறுதல் தருவதாக உரைத்த இடத்தைக் கிறித்தவ அன்பர்கள் நன்கறிவர். அவ்விடத்திலேயே தம் நுகத்தை ஏற்குமாறும் அவர் பணிக்கின்றார் என்பதைப் பலர் கருதிப் பார்ப்பதில்லை. சுமையை இறக்க வருவோனிடம் நுகத்தை நீட்டுவதா என்று நாம் வியக்கலாம். வண்டிமாடு அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். நுகம் இருவர் பூணுவது. துணை எருது வலிமையுடையதாயின் மற்றதன் கழுத்து புண்படாது. ஐடா அம்மையாரின் பிற்கால வாழ்வு இதற்கு உரை எழுதியது போல அமைந்தது.

ஃபிலடெல்பியாவிலும் பின் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, தோழி ஆனி ஹான்காக்குடன் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்து சேர்ந்தார். தந்தையின் அருகிருந்து தொழில் பழகலாம் என்பது அவர் நம்பிக்கை. அவ்வாண்டு மே மாதமே தந்தை புற்றுநோயால் காலமானார். அனுபவமற்ற இளம் மருத்துவர், நோயாளிகளின் அவநம்பிக்கை, இல்லத்திலேயே ஒரு சிறு அறையில் சிகிச்சை: இவ்வாறு தொடங்கியது வேலூர்த் தொண்டு. நியூயார்க் வங்கியாளர் ஷெல் என்பார் மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902-இல் திறக்கப்பட்டது. பகலெல்லாம் அறுவை, இரவெல்லாம் அழைப்பு என்றானது வாழ்வு. குடியாத்தம் சாலையில் மாட்டு வண்டியிலும், பின்னர் மோட்டாரிலும் சென்று, புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். அந்த மோட்டாரை முதன்முதலில் கண்ட கிராமத்தார் பேயென்றஞ்சி ஓடினராம்!

ஒருவர் கை எத்தனை பேரைத் தொடும்? இக்கேள்வி எழுந்தபோதுதான் அம்மையார், தாம் மேலும் வேகமாய் உழைப்பதை விடுத்து, பிறரை உருவாக்கத் துணிந்தார். 1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தோன்றின. பெண்கள் மருத்துவம் கற்க முன்வருவார்களா என்று அரசு அதிகாரிகள் ஐயுற்றனர். 1922-இல் முதல் அணியினர் 14 பேரும் ஒருங்கே தேர்ச்சி பெற்று அவ்வையத்தைத் தீர்த்தனர்.

இத்தனை வேலைக்கிடையே அதிகாலைத் தியானத்தையும் திருமறை வாசிப்பையும் அவர் கைவிட்டாரில்லை. கோடைக்காலத்தில் கோடைக்கானல் மலைக்குச் செல்வார். அங்கே ரோஜாத் தோட்டம் வளர்ப்பார். அறுபது வயது கடந்தும் டென்னிஸ் ஆடுவார்! ஓய்வைக் குற்றமென்று கருதும் தொண்டர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் விரைவில் கசந்து போகின்றனர். அம்மையார் அவ்வகையினர் அல்லர். உலகைக் காக்கும் பொறுப்பு இறைவனுடையது, தம்முடையதன்று என்ற நம்பிக்கை உடையவர்க்கே கவலையின்றித் தோட்டத்தில் மண் கிளற இயலும்.

மிகப் பெரும் சோதனை முதுமையில் வந்தது. 1930-களின் பிற்பகுதியில், எல்.எம்.பி. படிப்பை ஒழித்துப் பல்கலைக்கழகப் பட்டப் படிப்பையே ஏற்பதெனச் சென்னை அரசு முடிவு செய்தது. அதற்கேற்ற ஆசிரியர்களோ, கட்டடங்களோ, பொருளோ வேலூரில் இல்லை. நாற்பதாண்டு உழைப்பு மூடுவிழாக் காணும் நிலை. 1941-இல், எழுபது வயதில், உலகப் போரின் நடுவே அமெரிக்கா சென்று, ஊர் ஊராய் நிதி திரட்டினார். அங்கோ, ஆண்களையும் சேர்த்துக் கல்லூரியை வளர்ப்பதா, பெண்களுக்கென்றே வைப்பதா என்ற பிணக்கு அவரைச் சூழ்ந்தது. நெடுங்காலம் தோள் கொடுத்த லூசி பீபடி அம்மையார் இருபாலர் கல்வியைக் கடுமையாய் எதிர்த்தார். பெண்களுக்காகவே வாழ்ந்தவர் ஐடா. கல்லூரி பிழைக்க வேண்டுமெனின் கதவை அகலத் திறக்க வேண்டும் என்பதையும் உணர்ந்தார். நண்பரின் நட்பு ஒருபுறம், கல்லூரியின் உயிர் மறுபுறம். உடற்களைப்பினும் இதுவே கொடிதாய் இருந்திருக்கும் என்று எண்ணுகிறோம். முடிவில் தம் பழைய விருப்பத்தை விடுத்தார். 1942-இல் எம்.பி.பி.எஸ். வகுப்புத் தொடங்கியது, 1947-இல் ஆண் மாணவரும் சேர்ந்தனர்.

1946-இல் தலைமைப் பொறுப்பினின்றும் விலகினார். தாம் கட்டியதைப் பிறர் நடத்தக் கண்டு அமைதியாயிருத்தல் எளிதன்று. நம் சங்கங்களிலேயே அதனைக் காண்கிறோம். அம்மையார் கோடைக்கானலில் ஹில்டாப் என்னும் தம் இல்லத்தில் மலர்களுடனும் விருந்தினருடனும் வாழ்ந்தார். இந்தியாவில் ஐடா டாக்டருக்கு என்று மட்டும் முகவரியிட்ட கடிதமும் அவரிடம் சேர்ந்தது என்பர். 1960-ஆம் ஆண்டு மே மாதம், எண்பத்தொன்பதாம் வயதில், அவ்வில்லத்திலேயே இயற்கை எய்தினார். அவரது பூதவுடல் மலையினின்றும் வேலூருக்குக் கொண்டுவரப்பெற்றது. எம்மதத்தாரும் தெருவில் திரண்டு நிற்க, அவ்வூர் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பெற்றது.